எண்பத்து நான்கு ஆப்சென்ட்

"நேத்தும் ஆப்சென்ட். இன்னிக்கும் ஆப்சென்ட்டா?"

கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு கேட்டார் டைம்கீப்பர். கையில் நீளமான நோட்டு, காதில் சிவப்பு மைப் பேனா.

கட்டிலில் டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"ஒரு கையாவது தூக்கேன். படுத்துக்கிட்டே தூக்கு, போதும். அரை நாள்னு போட்டுக்கறேன்."

போர்வை தோளிலிருந்து காதுக்கு ஏறியது.

"போர்வையை இழுக்கிறதெல்லாம் உடற்பயிற்சியில சேராது. எனக்கும் மனசு இருக்கு, ஆனா சேராது."

பேனா காதிலிருந்து இறங்கியது. நான்காவது கட்டத்திலும் ஆப்சென்ட் விழுந்தது.

ஒரு தொழிற்சாலையின் வாசல் அறையில் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று எழுதியவர் அவர். எட்டு மணி என்றால் எட்டு மணி. எட்டு ஒன்றுக்கு வந்த சொந்த மச்சானுக்கே தாமதம் என்று எழுதி, அந்த மச்சான் பதினோரு வருஷம் இவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. அவர் இருந்த இடத்தில் இப்போது கட்டைவிரல் வைக்கிற மெஷின் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டார். கேள்விப்பட்ட அன்று ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அப்புறம் அவர் எழுந்ததாக அந்த வீட்டில் யாருக்கும் பெரிதாக ஞாபகம் இல்லை.

அவர் மனைவியான டீச்சர் வேறு ஜாதி உடம்பு. பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் டிரில் டீச்சர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. குழாயடியில் தண்ணீர் பிடிக்கிற வரிசை கோணலாக நின்றால்கூட, "தோளுக்குத் தோள்" என்று நேராக்கிவிட்டுத்தான் குடத்தை வைப்பார். அப்படிப்பட்டவர்தான் இப்படிப் படுத்துவிட்டார்.

எல்லாம் தன் வாயால் வந்தது என்றுதான் டைம்கீப்பர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு நான் கண் முழிக்கலைன்னாகூட ஒண்ணும் கெட்டுப் போயிடாது, இல்ல?" என்று கேட்டிருந்தார். மழை வரும்போல இருக்கே என்று சொல்கிற அதே குரல்தான். டீச்சரின் கையிலிருந்த கரண்டி பாதி வழியில் நின்றது. மறுநாள் காலையில், "எனக்கு மனசு சரியில்ல. டாக்டரைப் பார்க்கணும். துணைக்கு வாங்க" என்றார்.

டாக்டரிடம் டீச்சர் உள்ளே போனார். டைம்கீப்பர் வெளியே மீன் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரம். நடுவில் டாக்டரே வந்து மீனுக்குத் தீனி போட்டுவிட்டு, "சார் பேப்பர் பார்க்கலையா?" என்று இவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். துணைக்கு வந்தவனைக்கூட மதிக்கிற மனுஷன் என்று டைம்கீப்பருக்கு அவரைப் பிடித்துப் போனது.

வெளியே வந்த டீச்சர் ஒரு தாளை நீட்டினார். எட்டுப் பயிற்சிகள், எட்டுப் படங்கள்.

"மனச்சோர்வு நோயாம். வயசானவங்களுக்கு நிறைய வருதாம். தினம் உடம்பை அசைச்சா மனசும் கூடவே அசையுமாம்."

"உனக்குத் தெரியாத அசைவா? பண்ணிடு."

"முடியாது. எனக்கு எதுவும் பிடிக்கல."

"முடியாதுன்னா?"

"பன்னெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க. அதுக்குள்ள சரியாகலைன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துக்குவாங்களாம். சேர்த்துக்கட்டும்."

வீட்டுக்கு வந்து படுத்தவர்தான். டைம்கீப்பர் அன்று மாலையே நோட்டில் கோடு போட்டார். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு ஏழு, மொத்தம் எண்பத்து நான்கு கட்டம். கடைசியில் குறிப்பு எழுத ஒரு பத்தி. அந்த எண்பத்து நான்கு கட்டங்களும் தீர்வதற்குள் இவளை எழுப்பாவிட்டால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். அங்கே சுவருக்குக்கூடப் பக்கத்தில் போட மாட்டார்கள்.

ஐந்தாம் நாள் வேறு வழி தெரியாமல் தாளை அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டு, கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் தானே நின்றார்.

"பார், ஒண்ணும் கஷ்டம் இல்ல. கையை இப்படித் தூக்கணும். இப்படி இறக்கணும். சின்னப் பிள்ளைகூடப் பண்ணும்."

தூக்கினார். தோள்பட்டை ஏதோ சொல்லிற்று. இரண்டாவது தடவை தூக்கும்போது சுவர்ப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"முழங்கை மடங்குது."

டைம்கீப்பர் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். டீச்சர் திரும்பவில்லை. கண்ணைக்கூடத் திறந்திருக்க மாட்டார்.

"நீ பார்க்கவே இல்லையே?"

"பனியன் உரசுற சத்தம் கேக்குது. நேரா தூக்கினா அப்படிக் கேக்காது."

நாலு நாளில் முதல் பேச்சு. டைம்கீப்பர் விரலை மடக்கி எண்ணினார். 'முழங்கை மடங்குது' இரண்டு வார்த்தை, அப்புறம் எட்டு. ஆப்சென்ட்டுக்குப் பக்கத்தில் குறிப்புப் பத்தியில் எழுதினார்: பத்து வார்த்தை.

அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. முப்பத்தொரு வருஷம் தப்பைத் திருத்தியவளுக்குத் தப்பைக் கண்டால் பொறுக்காது. தப்பு போட்டால் பேச்சு வருகிறது. நிறையத் தப்பு போட்டால் நிறையப் பேச்சு வரும். பேச்சு வந்தால் ஒரு நாள் கோபமும் வரும், கோபம் வந்தால் எழுந்து வந்து கையைப் பிடித்து நேராக்குவாள். எழுந்துவிட்டால் பிரசென்ட்.

மறுநாள் முதல் அவர் திட்டம் போட்டுத் தப்பு செய்தார். திங்கட்கிழமை முதுகு. செவ்வாய்க்கிழமை குதிகால். புதன்கிழமை மூச்சு.

"மூச்சை எப்ப விடறீங்க?"

"இறக்கும்போது."

"தப்பு."

"அப்ப எப்ப விடணும்?"

"தூக்கும்போது விடுங்க. இல்லன்னா மயக்கம் வரும். மறுபடியும் பண்ணுங்க, நான் கேக்கறேன்."

பதின்மூன்று வார்த்தை.

ஆனால் தப்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எது சரி என்று தெரிந்தால்தான் எது தப்பு என்று பார்த்துச் செய்ய முடியும். அதனால் காலையில் ஜன்னலோர நாற்காலிக்குப் போகாமல், முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு எட்டுப் பயிற்சியையும் முதலில் சரியாகச் செய்து பழகினார். அப்புறம் படுக்கையறைக்கு வந்து அதையே தப்பாகச் செய்தார். ஒரு நாளைக்கு இரண்டு முறை. உடம்பு முழுக்க வலித்தது. இந்த வயதில் வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தடவிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் முடிவில்தான் வம்பு வந்தது. உடம்பு பழகிவிட்டது. முழங்கையை மடக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூக்குவார், அது நேராகப் போய் நிற்கும். குனிந்தால் முதுகு தானாக ஒழுங்காக வளைந்தது. தப்பு வரவில்லை. தப்பு வராததால் பேச்சும் வரவில்லை. குறிப்புப் பத்தியில் இரண்டு, ஒன்று, பூஜ்யம் என்று இறங்கிற்று.

படிக்கட்டில் உட்கார்ந்து மேல் மாடி டிரைவரிடம் முறையிட்டார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இருபத்தெட்டு வருஷம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, எழுந்தாலும் உட்கார்ந்த மாதிரியே நிற்கிற உடம்பு.

"அவளுக்குத் தப்பு வேணும், என்கிட்ட தப்பு தீர்ந்து போச்சு" என்றார் டைம்கீப்பர்.

"அதுக்கு ஏண்ணே கவலைப்படறீங்க, நான் இருக்கேன்ல? என்னால ஒண்ணைக்கூட சரியாப் பண்ண முடியாது."

"நிஜமாவா?"

"என் வீட்டுக்காரியைக் கேளுங்க."

டிரைவர் வந்தார். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இரண்டு பேரும் ஒட்டி நின்றார்கள். முதல் இரண்டு பயிற்சிக்கே சுவர்ப் பக்கத்திலிருந்து பதினாறு வார்த்தை வந்தது. டைம்கீப்பருக்குக் கண் கலங்கியது. ஐந்தாவது பயிற்சி, குனிந்து கால் விரலைத் தொடுவது. டிரைவர் குனிந்தார். தொடவில்லை. நிமிரவும் இல்லை.

"என்ன ஆச்சு?"

"அண்ணே, ரிவர்ஸ் விழ மாட்டேங்குது."

டைம்கீப்பர் அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். டிரைவர் பின்னால் சாய்ந்தார். அலமாரிக் கண்ணாடி உடைந்தது.

"யாரும் இழுக்காதீங்க" என்றார் டீச்சர், சுவரைப் பார்த்தபடியே. "முட்டியை மடக்கச் சொல்லுங்க. கையை எடுத்துத் தொடையில வெக்கச் சொல்லுங்க. இப்ப தொடை மேல கையால ஏறி ஏறி நிமிரச் சொல்லுங்க. அவசரப்படக் கூடாது. காலுக்குக் கீழ கண்ணாடி இருக்கு, செருப்பைக் கொண்டுவந்து போடுங்க."

டிரைவர் நிமிர்ந்தார். இருபத்தேழு வார்த்தை. புது சாதனை. ஆனால் இருபத்தெட்டாவது வார்த்தையிலிருந்துதான் தொல்லை ஆரம்பித்தது.

"இந்த ரூம்ல இனிமே யாரும் பண்ணக் கூடாது. கீழ முற்றத்துக்குப் போங்க. ஜன்னல் வழியா சத்தத்தைக் கேட்டுச் சொல்றேன்."

"நீ சொல்றது எங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. அதில் விசில் இருந்தது.

"ஒரு விசில்னா தப்பு. ரெண்டுன்னா பெரிய தப்பு. மூணுன்னா மேல வந்து என்னன்னு கேட்டுட்டுப் போங்க. கத்துறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

இரண்டாவது மாடிக்கு முப்பத்தாறு படி. டீச்சர் பெரும்பாலும் மூன்று விசில்தான் ஊதினார். டிரைவர் மறுபடி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அவரை அசையாமல் நிற்க வைத்துவிட்டு, டைம்கீப்பர்தான் ஏறி இறங்க வேண்டியிருந்தது.

"என்ன தப்பு?"

"இடது கால்."

இறங்கினார். மூன்று விசில். ஏறினார்.

"இப்ப என்ன?"

"இடது கால்னு சொன்னது அவரோட இடது. உங்களோட இடது இல்ல."

இறங்கினார். ஒரு நாள் பதினோரு தடவை ஏறி இறங்கியதாக நோட்டில் இருக்கிறது. அவருடைய படிக்கட்டை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதினார். எதையும் எழுதாமல் விட்டுப் பழக்கமில்லை.

"அண்ணே, விசில் ஊதுறது மூச்சுப் பயிற்சிதானே? அக்காவுக்கு ஒரு பிரசென்ட் போட்டா என்ன?" என்றார் டிரைவர்.

"டாக்டர் தாள்ல விசில் படம் இல்ல."

"உங்க மச்சான் பதினோரு வருஷம் வராததுல ஆச்சரியமே இல்லண்ணே."

ஆறாவது வாரம் தரைத்தளத்து நர்ஸ் மேலே வந்தார். இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டுக் காலையில் தூங்குகிறவர்.

"ஐயா, உங்க வீட்டு விசில் என் கனவுக்குள்ள வருது. நான் தூக்கத்துல ஓடிக்கிட்டே இருக்கேன். எழுந்தா களைப்பா இருக்கு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு தெரியும், கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது. விசில் தலையணைக்கு அடியில் போயிற்று. முற்றமும் இல்லை, அறையும் இல்லை. குறிப்புப் பத்தி மறுபடி காலியாயிற்று. டைம்கீப்பர் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அன்று பகல் முழுக்க எழவில்லை. நாற்பத்திரண்டு ஆப்சென்ட். பாதி வாழ்க்கை போன மாதிரி இருந்தது.

சாயங்காலம் சுவர்ப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மைதானத்துல இப்பவும் பிள்ளைங்க ஓடுதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. கேட்டா கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

மைதானம் பதினைந்து நிமிஷ நடை. டைம்கீப்பர் போனார், பார்த்தார், வந்தார்.

"ஓடுது."

"எத்தனை பிள்ளைங்க?"

"எண்ணலையே."

டீச்சர் பெருமூச்சு விட்டார். டைம்கீப்பருக்கு அவமானமாகிவிட்டது. எண்ணாமல் வந்தேன் என்று அவர் வாழ்க்கையில் சொன்னதே இல்லை. மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து தினம் காலையும் மாலையும் போய் அறிக்கை கொண்டுவருவது வழக்கமாயிற்று.

"பதினேழு பேர். அதுல ஒரு பொண்ணு கடைசிச் சுத்துல உட்கார்ந்துட்டா."

"சுத்து எத்தனை அடி இருக்கு?"

"தெரியல."

"நடந்து பார்த்தாதானே தெரியும்."

நடந்து பார்த்தார். அறுநூற்று நாற்பது அடி.

"எந்த இடத்துல மூச்சு வாங்குது?"

"அந்தப் பொண்ணுக்கா?"

"உங்களுக்கு. அதை வெச்சுத்தான் அவளுக்கு எங்க வாங்குதுன்னு நான் சொல்ல முடியும்."

ஒரு சுற்று போதவில்லை. நான்கு சுற்றில்தான் சரியாகச் சொல்ல முடிந்தது. டிரைவரும் கூட வந்தார். அவர் நடந்துகொண்டே எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் கையால் சிக்னல் காட்டினார்.

"டீச்சரம்மா அந்தக் காலத்துல எப்படிண்ணே?" என்று ஒரு நாள் கேட்டார்.

"அவ ஓய்வு பெற்ற அன்னிக்கு ஒரு பொண்ணு மேடையில பேசிச்சு. சின்ன வயசுல ஓட மாட்டேன்னு அடம் பிடிச்சு உட்கார்ந்துக்குமாம். அந்த நேரம் பார்த்து டீச்சருக்குக் கால் சுளுக்கிக்குமாம். ஐஸ் வாங்கிட்டு வர இந்தப் பொண்ணைத்தான் அனுப்புவாங்களாம். அந்த வருஷம் முழுக்க டீச்சருக்குச் சுளுக்காம். இந்தப் பொண்ணு ஐஸுக்கு ஓடி ஓடியே பள்ளிக்கூடத்துல முதலா வந்துச்சாம்."

"அவ்வளவு சுளுக்கா?"

"வீட்டுல நல்லாத்தான் நடந்தா. வலியை வெளியே காட்டவே மாட்டா, பாவி." டைம்கீப்பர் மூக்கை உறிஞ்சினார். "அப்படி இருந்தவளை நான் ஒத்தை வார்த்தையில படுக்கப் போட்டுட்டேன்."

எட்டாவது வாரத்தில் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது.

மைதானத்திலிருந்து வந்தவர் கொடியில் துணி காய்வதைப் பார்த்தார். துவைத்துப் பிழிந்து, மடிப்பு மடிப்பாக.

"யார் துவைச்சது?"

"நீங்கதான் காலையில துவைச்சுப் போட்டீங்க" என்றார் டீச்சர், கண்ணை மூடியபடி. "மறந்துட்டீங்களா?"

டைம்கீப்பர் தன் கைகளைப் பார்த்தார். துவைத்த கை மாதிரி இல்லை. பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். நேற்று பதினெட்டு இருந்தது, இன்று பன்னிரண்டு.

"பிஸ்கட்?"

"நீங்கதான் டீயோட ஆறு சாப்பிட்டீங்க."

"ஆறா?"

"நானும் அதைத்தான் நினைச்சேன்."

டீச்சரின் கேன்வாஸ் ஷூவில் ஒரு நாள் ஈர மண் இருந்தது. தான்தான் போட்டுக்கொண்டு எங்கேயோ போயிருக்க வேண்டும் என்று அதில் காலை நுழைத்துப் பார்த்தார். பாதிக் கால்கூட நுழையவில்லை. இதை எப்படிப் போட்டேன் என்பதுகூட மறந்துவிட்டதே என்று உட்கார்ந்துவிட்டார். அதோடு வெள்ளிக்கிழமைதோறும் அவர் வாசலில் கால் வைக்கும்போது டீச்சர் போனைக் கீழே வைப்பார்.

"யாரு?"

"ராங் நம்பர்."

'வெள்ளி: ராங் நம்பர்' என்று ஏழு வாரமாக அவர் கையெழுத்திலேயே நோட்டில் இருந்தது. அதையாவது எழுதி வைத்தேனே என்று நினைத்துக்கொண்டார்.

"எனக்குப் புத்தி தடுமாற ஆரம்பிச்சுடுச்சு" என்றார் டிரைவரிடம். மைதானத்து மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் செஞ்சது எனக்கே ஞாபகம் இல்ல. இப்படியே போனா அவளை யார் பார்த்துக்குவா? யார்கிட்ட அவ பேசுவா? அவளுக்குக் கண்ணைத் திறந்து பார்க்க இஷ்டம் இல்ல, எனக்குப் பார்த்தது தங்கல. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆள்கூட இல்ல."

டிரைவர் எதிரில் வந்தவருக்கு ஒரு சிக்னல் காட்டினார்.

"நடந்தா மூளைக்கு ரத்தம் போகும்னு சொல்றாங்கண்ணே. நாலு சுத்தை எட்டாக்கிடுங்க."

"எட்டா?"

"அக்காவுக்காக."

"சரி. நான் இன்னும் கொஞ்ச நாள் இருந்தாகணும்" என்றார் டைம்கீப்பர். சொல்லிவிட்டு, எதையோ தவறவிட்டவர்போல ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் எட்டுச் சுற்று நடந்தார்.

ஒன்பது, பத்து, பதினொன்று. வாரங்கள் சிவப்பாகவே ஓடின. டீச்சர் பேசினார், கேள்வி கேட்டார், ஒரு நாள் அந்த உட்கார்ந்துகொள்கிற பெண் முழுச் சுற்றும் ஓடிவிட்டாள் என்று சொன்னபோது சுவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். முதுகு குலுங்கியதை டைம்கீப்பர் பார்த்தார். ஆனால் தாளில் இருந்த எட்டுப் படத்தில் ஒன்றைக்கூட டீச்சர் செய்யவில்லை. சிரிப்பையும் படத்தில் தேடிப் பார்த்தார். இல்லை.

எண்பத்து நான்காவது நாள் மாலை, ஒரு பையை எடுத்து வைத்தார். துண்டு, சோப்பு, சீப்பு, இரண்டு மாற்றுப் புடவை. ஆஸ்பத்திரியில் கேட்டால் கொடுக்க வேண்டுமே. ஜிப்பை இழுத்து மூடினவர் மறுபடியும் திறந்து, தலையணைக்கு அடியிலிருந்த விசிலை எடுத்து உள்ளே போட்டார். அங்கே யாராவது தப்பு செய்தால் ஊத வேண்டுமே.

"எதுக்குப் பை?" என்றார் டீச்சர்.

"சும்மா."

"ரொம்ப பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்? உன்னைத்தான் அங்க..." அதற்கு மேல் வரவில்லை. நோட்டை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் ஆப்சென்ட் எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. முப்பத்து நான்கு வருஷத்தில் விழாத கோணல்.

மறுநாள் வண்டி கூப்பிடப் போனவரை டீச்சர் நிறுத்தினார்.

"நடந்தே போயிடலாம்."

"உன்னால முடியுமா? நாற்பது நிமிஷம் ஆகும்."

"மெதுவாப் போவோம்."

மெதுவாகப் போகலாம் என்று சொன்னவருக்கு இணையாக நடக்க டைம்கீப்பர் தன் நடையைக் குறைக்க வேண்டியிருந்தது. ஒரு கையில் பை, ஒரு கையில் நோட்டு. வழியில் ஒரு தையல்கடையில் பச்சைச் சட்டை தொங்குவதைப் பார்த்து, "நல்ல பச்சை" என்றார். டீச்சர் திரும்பி அவரைப் பார்த்தார்.

டாக்டர் அறைக்கு வெளியே அதே மீன் தொட்டி. உள்ளே போட்டிருந்த கல்லெல்லாம் நீலம் என்பது இப்போதுதான் டைம்கீப்பருக்குத் தெரிந்தது. புதிதாக மாற்றியிருப்பார்கள்.

மேசைக்குப் பின்னாலிருந்த பெண் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள். "வாங்கம்மா. உட்காருங்க."

டைம்கீப்பர் நோட்டை மேசைமேல் வைத்து, அவள் பக்கம் திருப்பினார்.

"எல்லாம் இதுல இருக்கும்மா. எண்பத்து நாலு நாள். ஒரு நாள்கூட வரல. நான் பொய் எழுத மாட்டேன். அவ மேல தப்பு இல்ல, எழுப்பத் தெரியாதவன் நான்தான்."

அந்தப் பெண் பக்கங்களைப் புரட்டினாள். சிவப்புக் கட்டங்களை அவள் பார்த்த மாதிரித் தெரியவில்லை. குறிப்புப் பத்தியில் விரலை வைத்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கினாள். தோள், முதுகு, மூச்சு. படி, பதினோரு தடவை. சுற்று நான்கு. சுற்று எட்டு. சுற்று எட்டு. சுற்று எட்டு.

"இதெல்லாம் யார் பண்ணினது சார்?"

"நான்தான். அதைப் பார்க்காதே. அது சும்மா, அவளுக்கு ஆறுதலுக்கு." பையை மேசைமேல் தூக்கி வைத்தார். "சேர்த்துக்கிறதா இருந்தா என்னையும் கூட இருக்க விடச் சொல்லும்மா. ஒரு நாற்காலி போதும். இல்லன்னா வேண்டாம், நின்னுக்கறேன். இப்பல்லாம் எனக்கு நிக்க முடியுது."

உள்ளே மணி அடித்தது. டைம்கீப்பர் டீச்சரிடம் போய் முழங்கையைப் பிடித்தார்.

"எழுந்திரும்மா. கூப்பிடறாங்க. நான் வாசல்லயே இருப்பேன், எங்கயும் போக மாட்டேன்."

டீச்சர் எழவில்லை. மீன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும், முதல் தடவையாக ஓடி முடித்த பிள்ளையைப் பார்க்கும்போது இறுகுமே, அப்படி இறுகியிருந்தது.

மேசைக்குப் பின்னாலிருந்த பெண் ஒரு ஃபைலை எடுத்து, மேலே எழுதியிருந்த பெயரை ஒரு தடவை சரிபார்த்துவிட்டுச் சொன்னாள்:

"துணைக்கு வந்தவங்க இங்கயே இருக்கட்டும் சார், பேஷண்ட் நீங்க மட்டும் உள்ள போங்க."